ஊஞ்சல் பலகையும் மின்சாரக் கிட்டாரும்

மின்சாரக் கிட்டார் என்ற பெயரைச் சொன்னதுமே காதைப் பொத்திக் கொள்ளும் பெரியோர்கள் நம் நாட்டில் அநேகர். அவர்களுக்கு முதலிலேயே ஓர் அபயம் அளித்து விடுகிறேன். இந்தக் கட்டுரை அந்த வாத்தியத்தை வாசிப்பதைப் பற்றியதன்று. அதைக் கையினால் செய்வதைப் பற்றியது. செய்யும்போது எழுகிற சத்தமெல்லாம் இழைப்புளியின் சத்தமும் அரத்தின் சத்தமுந்தான். அதனால் யாருடைய தூக்கமும் கெடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைத் தவிர.

தபால் தலை சேகரிப்பவர்கள், ரோஜாச் செடி வளர்ப்பவர்கள், பழைய நாணயங்களைத் துடைத்துத் துடைத்து வைப்பவர்கள் என்று பொழுதுபோக்குக்காரர்களில் எத்தனையோ ஜாதி உண்டு. வீட்டுத் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ மின்சாரக் கிட்டார் செய்கிறவர்கள் அவர்களில் ஒரு சிறு ஜாதி. உலகத்தில் பல தேசங்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகமும் கணிதமும் சொல்லிக் கொடுக்கிற நான் அந்த ஜாதியில் சேர்ந்ததற்குக் காரணம் என் புதல்வன். பதினாறாவது வயதில் அவன் ஒரு கிட்டார் வேண்டும் என்றான். "வாங்குவானேன்? செய்து பார்ப்போமே" என்றேன். பையன் என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். கடையில் கிடைக்கிற பொருளை வீட்டில் செய்வது என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, ஊறுகாயைத் தவிர வேறெதிலும், விளங்காத விஷயமாகி விட்டது.

உண்மையில், தந்தி வாத்தியங்களுக்குள் சாதாரண மனிதன் துணிந்து செய்யக்கூடியது மின்சாரக் கிட்டார் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். வீணையை எடுத்துக் கொள்ளுங்கள். பலா மரத்தைக் குடைந்து குடம் செய்ய வேண்டும். அந்தக் குடத்தின் கனத்திலே இருக்கிறது நாதம். தலைமுறை தலைமுறையாகத் தஞ்சாவூரில் அதையே தொழிலாகக் கொண்டவர்களின் விரலுக்குத்தான் அந்தக் கனம் தெரியும். வயலினின் பலகைகளோ மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குச் செதுக்கப்பட வேண்டியவை. ஆனால் மின்சாரக் கிட்டாருக்குக் குடமும் வேண்டாம், கூடும் வேண்டாம். தந்தியின் அசைவைக் காந்தமும் கம்பிச் சுருளும் கேட்டுக் கொள்ளுகின்றன. ஒலிபெருக்கி அதை நமக்குச் சொல்லுகிறது. மரத்துக்கு உள்ள முக்கியமான வேலை, தந்திகளை அசையாமல் இழுத்துப் பிடித்துக் கொண்டிருப்பதே. ஆகையால், பிறவிக் கலைஞனுடைய விரல் இல்லாதவனும், அளவுகோலை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தால், இதைச் செய்து முடிக்கலாம்.

இந்த வாத்தியத்தின் சரித்திரமே கைவேலைக்காரர்களின் சரித்திரந்தான். அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம் என்ற கிட்டார் வித்துவான், பெரிய வாத்திய கோஷ்டிகளின் நடுவே தம் கிட்டாரின் சத்தம் அடிபட்டுப் போவது கண்டு மனம் பொறுக்காமல், காந்தத்தைக் கொண்டு ஆராய்ச்சி செய்தார். அதன் பலனாக 1932-ல் விற்பனைக்கு வந்த அலுமினியக் கிட்டார் பார்வைக்கு வாணலியைப் போல் இருந்தபடியால் 'வாணலி' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் லெஸ் பால் என்ற இன்னொரு வித்துவான் நான்கு அங்குலச் சதுரமான ஓர் உத்தரக்கட்டையை எடுத்து, அதன்மேல் தந்திகளைப் பூட்டி வாசித்தார். நாதம் நன்றாகத்தான் இருந்தது. ஜனங்கள்தான் அதை ரசிக்கவில்லை. அவர் ஒரு பழைய கிட்டாரின் வயிற்றை இரண்டாக அறுத்து அந்தக் கட்டையின் இரு பக்கங்களிலும் ஒட்டிக் கொண்டு போனார். அதே கட்டை, அதே தந்தி. இப்போது சபையோர் மகிழ்ந்தார்கள். ஜனங்கள் காதினால் மட்டும் ஸங்கீதம் கேட்பதில்லை, கண்ணாலும் கேட்கிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. நம் ஸபாக்களுக்குப் போகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாமவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தவர். கணக்கெழுதும் படிப்புப் படித்தவர். இன்று உலகமெங்கும் வாசிக்கப்படும் டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கிட்டார்கள் 1950-க்கும் 1954-க்கும் இடையில் அவருடைய பட்டறையில் உருவானவை. வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. இந்த ஒரு விஷயத்திலாவது அந்த மேதைக்கும் எனக்கும் ஒற்றுமை இருப்பது குறித்து எனக்குப் பரம திருப்தி.

நிற்க. எங்கள் வீட்டில் வேலை தொடங்குவதற்கு முன் பையனுக்கு நான் சொன்ன கதை ஒன்று உண்டு. அதை வாசகர்களும் கேட்க வேண்டும்.

1963-ம் வருஷம் ஆகஸ்டு மாதம். லண்டன் நகரத்தின் ஓரத்திலுள்ள ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிரையன் மே என்ற பதினாறு வயதுப் பையனுக்கு மின்சாரக் கிட்டார் வேண்டியிருந்தது. அமெரிக்கக் கிட்டாரின் விலையோ அந்தக் குடும்பத்துக்கு எட்டாதது. தகப்பனார் ஹாரால்டு மே சர்க்கார் விமான இலாகாவில் வரைபட வேலை பார்த்தவர்; ரேடியோ முதல் வீட்டுச் சாமான்கள் வரையில் தாமே செய்யும் பழக்கமுள்ளவர். தகப்பனும் பிள்ளையும் ஓர் அறையைப் பட்டறையாக்கிக் கொண்டு சாதாரணக் கைக்கருவிகளைக் கொண்டே வேலையை ஆரம்பித்தார்கள். யாரோ கழித்துப் போட்ட பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மஹாகனி மரத்தில் கிட்டாரின் கழுத்தைச் செதுக்கினார்கள். அந்த மரத்தில் பூச்சி அரித்த துவாரங்கள் இருந்தன. அவற்றைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். உடலின் நடுக்கட்டை ஒரு பழைய ஓக் மேஜையிலிருந்து வந்தது. இடம் காட்டும் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். தந்திகளைத் தளர்த்தி இறுக்கி நாதத்தை அசைக்கும் பொறிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு. அந்தப் பொறியின் கைப்பிடி, சைக்கிளில் பை மாட்டும் கம்பி. அதன் நுனிக் குமிழ், அம்மாவின் பின்னல் ஊசியின் நுனி. இவ்விதமாகச் சுமார் எட்டுப் பவுன் செலவில், ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் அந்தக் கிட்டார் முடிந்தது.

பிற்காலத்தில் பிரையன் மே 'க்வீன்' என்ற உலகப் பிரசித்தி பெற்ற கோஷ்டியின் கிட்டார் வித்துவான் ஆனார். அதன் பாடகரான ஃப்ரெடி மெர்க்குரி நம் தேசத்துப் பாஞ்ச்கனியில் பள்ளிப் படிப்புப் படித்த பார்ஸிக் குடும்பத்துப் பிள்ளை. கோடிக்கணக்கில் பணம் வந்த பிறகும் பிரையன் மே அந்தத் தீக்குச்சி அடைத்த கிட்டாரைக் கைவிடவில்லை. 1985-ல் வெம்பிளி மைதானத்தில் நடந்த பெரிய தர்மக் கச்சேரியில் ஒலித்தது அதுதான். 2002-ல் இங்கிலாந்து ராணியின் ஐம்பதாண்டு ஆட்சி விழாவின்போது பக்கிங்ஹாம் அரண்மனையின் மேல்தளத்தில் நின்று அவர் தேசிய கீதம் வாசித்ததும் அதே கிட்டாரில்தான். ஒரு வீட்டுக் கணப்படுப்பு அரண்மனைக் கூரைமேல் ஏறிய கதை இது.

கதையைக் கேட்டு முடித்த என் பையன், "நம் வீட்டில் கணப்படுப்பு இல்லையே, அப்பா?" என்றான். கணப்படுப்பு இல்லை, ஆனால் பரண்மேல் ஒரு தேக்கு ஊஞ்சல் பலகை இருந்தது. கூடமும் முற்றமுமாக இருந்த பழைய வீட்டை விட்டுச் சிறு வீட்டுக்கு வந்தபோது ஊஞ்சல் மாட்ட உத்தரம் இல்லாமற் போயிற்று. சங்கிலிகள் ஒரு மூட்டையிலும் பலகை பரணிலுமாகப் பன்னிரண்டு வருஷம் கழிந்துவிட்டது. அதை இறக்கி அளந்து பார்த்தேன். கனம் ஒன்றேமுக்கால் அங்குலம். ஃபெண்டர் தம் கிட்டார்களின் உடலுக்கு வைத்த கனமும் அதுவேதான்! ஐந்தரையடி நீளத்தில் கிட்டாரின் உடலுக்கு ஒன்றரையடி போதும்.

ஆனால் அந்தப் பலகை என்னுடையதன்று. என் தாயாருடையது. "என்னடா, பலகையைச் சுற்றிச் சுற்றி வருகிறாய்?" என்று அவரே கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பியைக் கொண்டு வந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "உன் அப்பா அதில் உட்கார்ந்துதான் தினமும் பத்திரிகை படிப்பார். அதை விற்கிறதாக இருந்தால் சம்மதிக்க மாட்டேன். பேரன் மடியில் வைத்துக் கொள்ளுவதற்கானால் அறுத்துக் கொள். முழுவதையும் அல்ல, எனக்கு உட்கார ஒரு மணை மிச்சம் வை."

அறுக்கிற அன்றைக்கு ஊரில் வயது முதிர்ந்த ஆசாரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பலகையின் குறுக்குவெட்டை நனைத்துப் பார்த்துவிட்டு, "வாத்தியாரையா, இது அந்தக் காலத்துச் சரக்கு. தம்பியை வரை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். பையன் ஊசிமுனையால் எண்ணினான். ஓர் அங்குலத்தில் பதினொரு வளையங்கள், பதினொரு வருஷத்து வளர்ச்சி. மரம் தன் வயதைத் தானே எழுதி வைத்திருக்கிறது என்பதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கையில் மரத்தூள் ஒட்டியிருக்கும்போது அந்தப் பாடம் வேறு விதமாக ஏறுகிறது. தேக்கு கனமான மரம். கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. தோளில் மாட்டிக் கொள்ளுகிறவனுக்குப் பாரமாகாமலிருக்க, பிரையன் மேயின் கிட்டாரைப் போலவே உடலின் உட்பக்கத்தில் சில அறைகள் குடைந்தோம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுகிற முகங்களை அஸிட்டோன் கொண்டு துடைத்து, உடனே பசை தடவி இறுக்கிக் கட்டினால்தான் பிடிக்கும். உளியின் முனையும் சீக்கிரம் மழுங்கும்; தேக்கில் மணலின் அம்சம் கலந்திருப்பதே காரணம். அரைமணி வேலை, கால்மணி சாணை என்பது எங்கள் கணக்காக இருந்தது.

இனி மெட்டுகளின் விஷயம். வீணைக்கும் இருபத்து நான்கு மெட்டு. பிரையன் மேயின் கிட்டாருக்கும் இருபத்து நான்கு. ஆனால் வீணையில் மெழுகின்மேல் பித்தளை மெட்டுகளைக் காதினால் கேட்டுக் கேட்டு அமைக்கிறார்கள். கிட்டாரிலோ கணக்கினால் அமைக்கிறார்கள். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் மிச்சமுள்ள தந்தியின் நீளம் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். பன்னிரண்டாவது படியில் சரியாகப் பாதியாக வேண்டும். கடன் மீது கூட்டு வட்டி ஏறுகிறதே, அதைத் தலைகீழாக நடத்துவது போன்றது இது. மிச்ச நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் தூரம் கிடைக்கும். எங்கள் தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். முதல் மெட்டு 36.37-ல், மிச்சம் 611.63. அதை மறுபடி வகுத்தால் 34.33. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு 324-ல் வந்து உட்காருகிறது. பையன் கணக்குப் போட்டு முடித்துப் பாதி நீளம் சரியாக விழுந்ததைப் பார்த்தபோது அவன் முகத்தில் உண்டான பிரகாசத்தை, பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய அன்றைக்கும் நான் கண்டதில்லை.

பழைய காலத்து ஐரோப்பியத் தச்சர்கள் 17.817 என்ற எண்ணை அறியார். பதினெட்டால் வகுத்து விடுவார்கள். அந்த முறையை ஆதரித்து 1581-ல் எழுதியவர் வின்சென்ஸோ கலிலேய் என்ற வித்துவான். வான சாஸ்திரி கலிலியோவின் தகப்பனார். பதினெட்டால் வகுத்தால் எங்கள் தந்தியில் பன்னிரண்டாவது மெட்டு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளி விழும். ஸ்வரம் கொஞ்சம் தாழும். ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி இழுபட்டு ஸ்வரம் கொஞ்சம் உயருகிறதே! ஒரு குறை இன்னொரு குறையைச் சமன் செய்தது. தச்சர்களின் பிழைப்பும் நடந்தது. தகப்பனார் தந்திகளை இழுத்து அளந்து கொண்டிருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை பிற்காலத்தில் உலகத்தையே அளக்கக் கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் பலம் சுமார் 45 கிலோ. ஒரு சிறு பையன் இரவும் பகலும் அந்தக் கழுத்தில் தொங்கிக் கொண்டிருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். மரம் வளைந்துதானே தீரும்? அதற்காகக் கழுத்தின் உள்ளே ஓர் எஃகுக் கம்பியைப் புதைத்து, திருகி இறுக்கி, எதிர்ப்பக்கம் வளைக்கிறார்கள். கிப்ஸன் பட்டறையைச் சேர்ந்த தாடியஸ் மக்ஹியூ என்பவர் 1923-ல் காப்புரிமை பெற்ற யுக்தி இது.

மெட்டுகள் பதியும் மேற்பலகைக்கு ஈட்டி மரம். ஆசாரியார் தம்மிடம் கிடந்த பழைய கட்டில் சட்டத்தை அறுத்துக் கொடுத்தார். உலகத்தில் எங்கெங்கோ செய்யப்படும் கிட்டார்களின் மேற்பலகைக்கு நம் மேற்கு மலைத் தொடரின் ஈட்டி மரம் போய்க் கொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிரேஸில் தேசத்து ஈட்டியின் சர்வதேச வியாபாரம் 1992-ல் தடுக்கப்பட்ட பிறகு நம்முடையதற்கு மதிப்பு இன்னும் அதிகம். 2017-ல் ஈட்டி இனம் முழுவதையும் சர்வதேசக் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டு வந்தார்கள். வாத்தியம் செய்பவர்களின் முறையீட்டின் பேரில் 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு அளித்தார்கள். எங்கள் மரம் கட்டிலாயிருந்து வாத்தியமானபடியால் எந்தக் காட்டுக்கும் எங்களால் நஷ்டமில்லை.

கடைசியாக, வாத்தியத்தின் செவி. மைக்கேல் பாரடே 1831-ல் கண்டுபிடித்த தத்துவந்தான் இதில் வேலை செய்கிறது. காந்தத்தைச் சுற்றிக் கம்பிச் சுருள். மேலே எஃகுத் தந்தி. தந்தி அசைந்தால் காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின்சாரம் எழுகிறது. பாரடே ஒரு கொல்லருடைய பிள்ளை. புஸ்தகம் பைண்டு செய்யும் பட்டறையில் வேலை பழகியவர். ஒற்றைச் சுருளானால் சுமார் 8000 சுற்று, இரட்டைச் சுருளானால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 5000 சுற்று சுற்ற வேண்டும். கம்பியோ தலைமயிரை ஒத்தது, கனம் 0.06 மில்லிமீட்டர். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடைக்காரர்களே அதைத் தொடத் தயங்குவார்கள். வீட்டுக் கைத்தையல் மிஷினின் சக்கரத்தில் சுருளைப் பொருத்தி, பையன் கைப்பிடியைச் சுற்ற, நான் கம்பியை விரலிடுக்கில் விட்டுக் கொடுத்தேன். எண்ணுவதற்கு ஒரு மலிவான கால்குலேட்டர். சக்கரத்தில் ஒட்டிய சிறு காந்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் ஒன்று கூட்டிக் கொண்டே வந்தது. அப்படிச் சுற்றிய இரண்டு சுருள்களிலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கம்பி அடங்கியிருக்கிறது. ஃபெண்டர் பட்டறையில் அபிகேல் யபார்ரா என்ற அம்மையார் 1956 முதல் 2013 வரை இந்த வேலையையே செய்தார். அவர் கையால் சுற்றிய சுருளுக்கு இன்றும் வித்துவான்கள் அதிக விலை கொடுக்கிறார்கள். நம் கண்ணுக்கு எல்லாச் சுருளும் ஒன்றுதான். விரலின் இழுப்பில் உள்ள வித்தியாசம் அவர்கள் காதுக்குத் தெரிகிறது.

இரண்டு சுருள் எதற்கு என்று கேட்கலாம். வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு தடவை திசை மாறுகிறது. ஒற்றைச் சுருள் அதையும் ஒட்டுக் கேட்டு 'ம்ம்ம்' என்று முனகிக் கொண்டிருக்கும். 1955-ல் ஸெத் லவர் என்ற கிப்ஸன் நிபுணர் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் சுற்றையும் எதிராக்கி, காந்த முனையையும் எதிராக்கி விடுவது. முனகலுக்குச் சுற்று மட்டுந்தான் கணக்கு. ஆகவே ஒன்றில் கூட்டலும் மற்றொன்றில் கழித்தலுமாகி அது அற்றுப் போகிறது. தந்தியின் நாதத்துக்கோ சுற்று, முனை இரண்டும் கணக்கு. இரண்டு எதிர்மறை சேர்ந்து நேராகி நாதம் இரட்டிக்கிறது. எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவில் இதைக் காட்டிலும் அழகான உதாரணம் எனக்கு அகப்பட்டதில்லை.

பத்து மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. செலவைக் கூட்டிப் பார்த்தால், கடையில் கிடைக்கும் மலிவான கிட்டாரைவிடச் சற்று அதிகமாகவே ஆகியிருந்தது. "அப்படியானால் என்ன லாபம்?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இயந்திரம் செய்யும் பொருளோடு விலையில் போட்டி போடக் கையால் முடியாது, போட வேண்டியதுமில்லை. கைவேலையின் லாபம் பொருளில் பாதி, செய்தவனிடத்தில் பாதி. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை நாட்டின் முன் வைத்தபோது, கைத்தொழிலைப் பாடத்துக்குத் துணையாக அல்ல, பாடத்தின் நடுநாயகமாகவே வைக்கச் சொன்னார். நாம் அவர் படத்தை வகுப்பறையில் மாட்டினோம், பட்டறையை மூடினோம். சதுர மூலத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லும் பிள்ளை ஒரு திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று விழிப்பதை நான் வருஷந்தோறும் பார்க்கிறேன்.

அந்நிய வாத்தியத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கும் தேசபக்தர்களும் உண்டு. பாலுஸ்வாமி தீக்ஷிதரும் தஞ்சை வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலினைக் கையில் எடுத்தபோது அதுவும் அந்நிய வாத்தியந்தான். இன்று அது இல்லாத கச்சேரி எது? மின்சார மாண்டலினைக் கொண்டு கர்நாடக ஸங்கீதத்தின் கமகங்களை வாசித்துக் காட்டிய ஸ்ரீநிவாஸ் நம் காலத்தில் வாழ்ந்து 2014-ல் மறைந்தவர். வாத்தியம் எந்தக் கரையில் பிறந்ததென்பதை விட, நம் கை அதை அறிந்திருக்கிறதா என்பதுதான் சுதேசியின் கேள்வி என்று நான் எண்ணுகிறேன். பெட்டியில் வந்து இறங்கிய பொருள் அந்நியம். அங்குலம் அங்குலமாக அறிந்து செய்த பொருள் நம்முடையது.

வாத்தியம் முதன்முதலாகப் பேசிய நாளில் என் தாயார் கூடத்தில் தம் மணைமேல் உட்கார்ந்திருந்தார். எட்டடிச் சங்கிலியில் மூன்று விநாடிக்கு ஒரு தடவை போய் வந்து கொண்டிருந்த பலகை, இப்போது விநாடிக்கு நூற்றுப் பத்து தடவை அதிரும் தந்தியைத் தாங்கிக் கொண்டிருந்தது. பையன் ஏதோ ஸினிமாப் பாட்டு வாசித்தான். "ஸ்ருதி சேர்ந்திருக்கிறது" என்றார் பாட்டி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை.

பிரையன் மேயின் கதையில் நான் பையனுக்குச் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. கிட்டாரைச் செய்து கொடுத்த அதே தகப்பனார், பிள்ளை வான சாஸ்திர ஆராய்ச்சிப் படிப்பை நிறுத்திவிட்டுக் கிட்டாரோடு கிளம்பியபோது மனம் உடைந்து போனார். பல மாதங்கள் இருவருக்கும் சரியான பேச்சில்லை என்று பிரையன் மேயே சொல்லியிருக்கிறார். நியூயார்க் நகரத்து மாடிஸன் ஸ்கொயர் கார்டனில் கச்சேரி நடந்தபோது பெற்றோரை அங்கே வரவழைத்தார். அந்த ஜன சமுத்திரத்தைப் பார்த்த பிறகுதான் தமக்கு விளங்கிவிட்டதென்று தந்தை ஒப்புக்கொண்டார். 1988-ல் அவர் காலமானார். நிறுத்திய படிப்பை மகன் முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி தொடங்கி, 2007-ல் டாக்டர் பட்டம் பெற்றார். தகப்பனார் அதைப் பார்க்க இல்லை.

இந்த வருஷம் என் பையனுக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை. அவனை இஞ்சினியராக்க வேண்டுமென்பது உறவினர் எல்லோருடைய விருப்பம். எனக்கும் அந்த விருப்பம் இல்லாமலில்லை. ராத்திரி பாடம் முடிந்தபின் அவன் அறையிலிருந்து மெல்லிய நாதம் வரும்போது, அவன் எந்தப் பக்கம் போவான் என்ற எண்ணம் எனக்கும் எழுகிறது. ஹாரால்டு மேக்கும் இப்படித்தான் எழுந்திருக்கும். ஆனாலும் அவர் அந்தக் கிட்டாரைச் செய்யாமலிருந்திருக்கலாம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பிள்ளைக்குக் கருவி செய்து கொடுக்கிறவன், அவன் அதை எங்கே எடுத்துக் கொண்டு போவான் என்பதையும் சேர்த்து இழைத்துக் கொடுக்க முடியாது.

கிட்டாரின் பின்பக்கத்து மூடியைத் திருகுவதற்கு முன், உள்ளேயிருக்கும் தேக்கின்மேல் பென்ஸிலால் தேதியைப் போட்டோம். அதன் கீழே பையன் கையெழுத்திட்டான், நான் கையெழுத்திட்டேன். பிறகு அவன் அதைப் பாட்டியிடம் எடுத்துக் கொண்டு போனான். அவர் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, தம் பெயரை எழுதாமல், என் தகப்பனாரின் பெயரை எழுதிக் கொடுத்தார். மூடியைப் போட்டுத் திருகாணிகளை இறுக்கினோம்.